தானாய்ச் சேருமா, தானாய்ச் சிதையுமா? துருப்பிடித்த கதவு தந்த பாடம்



இந்த வாரப் பாடம் ஒரு பிழை திருத்தத்தோடு தொடங்குகிறது. பிழை செய்தவன் நான். திருத்தியவள் பன்னிரண்டாம் வகுப்பில் வாசிக்கும் நம் பங்குப் பிள்ளை ஒருத்தி.

சென்ற மாதம் ஞானோபதேச வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குச் சிருஷ்டியைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்வேசுரன் உண்டென்று எண்பிக்கும்படி, எப்போதோ ஒரு சிறு பிரசுரத்தில் வாசித்திருந்த நியாயம் ஒன்றை எடுத்துவிட்டேன். "எந்தப் பொருளும் அதன் போக்கில் விட்டால் சிதைந்துபோகுமேயல்லாமல் தானாக ஒன்றுசேராது. இரசாயனக் கூட்டுப்பொருள்களும் அப்படியே. ஆகையால் அவற்றைச் சேர்த்து வைத்த கை ஒன்று இருந்தே தீரவேண்டும்" என்றேன். பிள்ளைகள் தலையசைத்தார்கள். அந்தப் பெண் மாத்திரம் எழுந்து நின்றாள்.

"சுவாமி, நம்ம கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு துருப்பிடிச்சிருக்கே, அந்தத் துருவே ஒரு கூட்டுப்பொருள்தானே? இரும்பும் ஆக்ஸிஜனும் தண்ணீரும் சேர்ந்து உண்டானது. அதை யார் சேர்த்து வைத்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்தேன். பிள்ளைகள் போனபின் அவள் மறுபடியும் வந்து, மெதுவாகச் சொன்னாள்: "சுவாமி, எங்க அண்ணன் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறான். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுத்தான் பூசைக்கு வர்றதை விட்டுட்டான். கண்ணுக்குத் தெரிகிற விஷயத்திலேயே இப்படித் தப்பாச் சொன்னா, தெரியாத விஷயத்தில் எப்படி நம்புறதுன்னு கேட்கிறான்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாலிபன் கோயில் வாசலைவிட்டு இறங்கிப்போனதற்கு, என்னைப்போன்ற ஒருவன் யோசியாமல் சொன்ன வார்த்தை காரணமாயிருக்குமானால், அந்தக் கணக்கு யார் தலையில் எழுதப்படும்? ஆகையால் குருமடத்து நாள்களுக்குப் பிறகு முதன்முறையாக இரசாயனப் புத்தகங்களைத் தேடி வாங்கி வாசித்தேன். வாசித்ததை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெற்றோர்களே, கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதே கேள்வியோடு உங்களிடம் வரக்கூடும்.

1. கூட்டுப்பொருள் என்றால் என்ன?

இரும்பு, கந்தகம், கரி, பிராணவாயு, ஹைட்ரஜன் போன்றவை மூலகங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மூலகங்களின் அணுக்கள் ஒரு கணக்கோடு பிணைந்து புதுப் பொருளாகும்போது அதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். இக்காலத்துப் பாடப்புத்தகங்கள் சேர்மம் என்கின்றன.

கூட்டுப்பொருள் வேறு, கலவை வேறு. அரிசியில் பருப்பைக் கொட்டினால் கலவை. பொறுக்கிப் பிரித்துவிடலாம். அரிசி அரிசியாகவும் பருப்பு பருப்பாகவுமே இருக்கும். தண்ணீரோ அப்படிப்பட்டதல்ல. ஹைட்ரஜன் தீப்பற்றி எரியும் வாயு. பிராணவாயு நெருப்பை வளர்க்கும் வாயு. இரண்டும் பிணைந்து உண்டான தண்ணீரோ நெருப்பை அணைக்கிறது! அன்றியும் ஆற்றுத் தண்ணீரானாலும் மழைத் தண்ணீரானாலும், அழுக்கு நீக்கித் தூய்மையாக்கிய 9 கிலோவில் ஹைட்ரஜன் 1 கிலோவும் பிராணவாயு 8 கிலோவும் இருக்கும். இப்படிக் கூட்டுப்பொருள்கள் மாறாத விகிதம் உடையவை என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி புரூஸ்து நிலைநாட்டினார். இந்த மாறாத கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2. சுண்ணாம்பு சொல்லும் சாட்சி

கூட்டுப்பொருள் தானாகச் சேருமா, சிதையுமா என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் அறிந்த ஒரு பொருளே பதில் சொல்லும். அது சுண்ணாம்பு.

சுண்ணாம்புக்கல்லும் கடற்கரைக் கிளிஞ்சலும் பெரும்பாலும் ஒரே கூட்டுப்பொருள்தான்: கால்சியமும் கரியும் பிராணவாயுவும் பிணைந்தது. அதைக் காளவாயில் போட்டு ஏறக்குறைய 900 டிகிரி உஷ்ணத்துக்குச் சுட்டால் சிதைகிறது. தூய கல் 100 கிலோ சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாய்ப் போய்விடும். 56 கிலோ நீற்றாத சுண்ணாம்பாய் மிஞ்சும்.

அந்தச் சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? புகைந்து, கொதித்து, வெடித்து, மாவாய் நீற்றுப்போகும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்து புதிய கூட்டுப்பொருளாகும்போது வெளிவந்த சூடு அது. யாரும் வற்புறுத்திச் சேர்த்து வைக்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் சேர்ந்துகொண்டன.

நீற்றின சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசுகிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இறுகி, மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. காளவாயில் பறிகொடுத்ததைச் சுவரில் நின்றபடியே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. நம் கோயிலின் பழைய சுவரைத் தட்டிப்பார்த்தால் கல்லைப்போல் ஒலிப்பது இதனால்தான்.

ஆக, ஒரே பொருள் ஓரிடத்தில் சிதைகிறது, மற்றோரிடத்தில் சேர்கிறது. காளவாயின் உஷ்ணத்தில் சிதைவதே அதற்கு இயல்பு. நம் வீட்டுச் சுவரில் சேர்வதே அதற்கு இயல்பு. எந்தப் பொருள், எந்த உஷ்ணத்தில், எவற்றின் நடுவில் என்று சொல்லாமல், "கூட்டுப்பொருள் சிதையுமா, சேருமா?" என்று மொட்டையாகக் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இப்போது கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வருவோம். "கதவு துருப்பிடித்துச் சிதைகிறது" என்கிறோம். கண்ணுக்கு அது சிதைவு. இரசாயனத்திலோ அது சேர்க்கை. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் இரும்புத் தாதில், இரும்பு பிராணவாயுவோடு பிணைந்தே கிடக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கத்தான் ஊதுலையும் நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கும் பெரும் உஷ்ணமும் வேண்டும். உடைத்து எடுத்த இரும்பைக் காற்றிலும் ஈரத்திலும் சும்மா விட்டால், அது பிராணவாயுவோடு மறுபடியும் சேர்ந்துகொள்கிறது. பிரிப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. சேர்வதற்கு யாரும் தேவைப்படவில்லை. நான் வகுப்பில் சொன்னதற்கு இது நேர்மாறு அல்லவா?

அதற்காக எல்லாம் சேரவே சேரும் என்றும் எண்ணவேண்டாம். புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு கூட்டுப்பொருள். அதை அடைத்து வைத்தாலும், நாளடைவில் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும். வெளிச்சம் பட்டால் இன்னும் விரைவாகப் பிரியும். அதனால்தான் மருந்துக் கடைக்காரர் அதை நிறமேற்றிய புட்டியில் கொடுக்கிறார்.

3. எந்தப் பக்கம் போவது என்று எது தீர்மானிக்கிறது?

"எல்லாம் சிதைந்தே போகும்" என்று சொல்லுகிறவர்கள் சாதாரணமாக ஒரு விஞ்ஞான விதியைத் துணைக்கு அழைப்பார்கள். வெப்பத்தைப்பற்றிய சாஸ்திரத்தின் இரண்டாம் விதி என்பது அது. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் அந்த விதி சொல்வது வேறு.

சூடான காப்பி தானாக ஆறும். ஆறின காப்பி தானாகச் சூடாகாது. பொருள்களும் வெப்பமும் பரவி விரியும் பக்கமாகவே காரியங்கள் நடக்கின்றன. 1865ல் ஜெர்மானிய விஞ்ஞானி கிளாசியுஸ் இந்தப் பரவலின் அளவுக்கு என்ட்ரோபி என்று பேரிட்டார். மொத்தக் கணக்கில் இந்தப் பரவல் குறையாது என்பதே விதி. மொத்தக் கணக்கில் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒரு மூலையில் ஒழுங்கு கூடுவதை விதி தடுக்கவில்லை. அதற்கு ஈடாகச் சுற்றுப்புறத்தில் வெப்பம் பரவவேண்டும், அவ்வளவுதான். குடும்பக் கணக்கில் ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு எழுதுவதைப்போல. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்த தண்ணீரே அந்தச் செலவுச் சீட்டு.

இந்த வரவு செலவை எப்படிக் கூட்டிப்பார்ப்பது என்று 1876 முதல் 1878 வரை வெளியான தம் கட்டுரைகளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து கிப்ஸ் வகுத்துக் கொடுத்தார். எந்தக் கூட்டுப்பொருள் எந்த உஷ்ணத்தில் சேரும், எதில் சிதையும் என்று அந்த முறையைக்கொண்டு முன்னதாகவே கணக்கிடலாம்.

சில கூட்டுப்பொருள்கள் வெளியிலிருந்து செலவுக்குப் பணம் வந்தால்தான் உண்டாகும். பச்சை இலை கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அந்தச் செலவைச் சூரிய வெளிச்சம் கொடுக்கிறது. நம் தட்டிலுள்ள ஒவ்வொரு பருக்கையும் அப்படிச் சேர்ந்ததே. எல்லாம் சிதைவது மாத்திரமே இயற்கையானால் நாம் உண்ணச் சோறு ஏது?

இன்னும் ஒன்று: திசை வேறு, வேகம் வேறு. உங்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தின் காகிதம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீராவியுமாகப் போகவேண்டும் என்பதே கணக்கு. ஆனாலும் அது பாட்டி காலத்திலிருந்து அலமாரியில் இருக்கிறது. ஒரு தீக்குச்சி பட்டாலோ சில நிமிடங்களில் முடிந்துபோகும். ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் ஒரு குடுவையில் கலந்து சாதாரண உஷ்ணத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். ஒரு பொறி பட்டால் வெடித்துத் தண்ணீராகும். நடுவே ஒரு மேடு நிற்கிறது. அதை ஏறிக் கடந்தால்தான் மறுபக்கத்துப் பள்ளத்தில் இறங்கலாம். சில பொருள்கள் அந்த மேட்டைத் தணித்துக் கொடுக்கும். புண்ணில் விட்ட பெராக்ஸைடு பொங்கி நுரைப்பது, நம் இரத்தத்திலுள்ள ஒரு பொருள் அதன் மேட்டைத் தணித்துவிடுவதால்தான்.

4. தற்செயலுக்கு என்ன பங்கு?

அப்படியானால் தற்செயல் என்பது இல்லையா? உண்டு. அதன் இடம் எதுவென்று அறியவேண்டும்.

இந்த அறையிலுள்ள காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நொடியில் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. எது எதோடு எப்போது மோதும் என்று எவராலும் சொல்லமுடியாது. அது தற்செயலே. ஆனால் மோதினபின் என்ன விளையும் என்பது தற்செயலல்ல. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் எரியும்போது, எந்த அணு எந்த அணுவைச் சந்தித்தாலும், முடிவில் வருவது அதே தண்ணீர், அதே ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கு.

நம் திருவிழாவை நினைத்துப்பாருங்கள். தேர் முடிந்தவுடன் கூட்டம் கலைகிறது. யார் யாரை இடிப்பார்கள், யார் முன்னே போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் கூட்டம் முழுவதும் இரண்டு வாசல்கள் வழியாகத்தான் வெளியேறும் என்று எல்லாருக்கும் தெரியும். இடிபடுவது தற்செயல். வாசல் இருப்பது தற்செயலல்ல. கூட்டுப்பொருள் உண்டாவதும் சிதைவதும் இவ்வாறே. சந்திப்பு தற்செயலாக நேர்கிறது. விளைவோ பொருளின் சுபாவத்தின்படி வருகிறது.

5. உயிருக்குரிய பொருள்கள்

"சுண்ணாம்பும் துருவும் சரி, சுவாமி. உயிருள்ளவற்றில் இருக்கும் பொருள்கள் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முற்காலத்தில் அவை உயிருள்ள உடலில் மாத்திரமே உண்டாகும் என்று அறிஞர்கள் பலர் எண்ணினார்கள். 1828ல் ஜெர்மானியரான வோலர், உயிரற்ற ஒரு உப்பைக்கொண்டு, மூத்திரத்தில் காணப்படும் யூரியாவைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். அதுமுதல் அந்த எண்ணம் தளரத் தொடங்கிற்று.

1952ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற இளம் மாணவர், தம் பேராசிரியர் ஹெரல்ட் யூரேயின் ஆதரவோடு ஒரு சோதனை செய்தார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களையும் நீராவியையும் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலைப்போல் மின்பொறிகளைப் பாய்ச்சினார். சில நாள்களில் அந்தத் தண்ணீரில் அமினோ அமிலங்கள் சில உண்டாகியிருந்தன. நம் உடலின் புரதங்கள் இவ்வகைப் பொருள்களால்தான் கோக்கப்பட்டவை. 1953ல் இது பிரசுரமாயிற்று. அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளை, அவர் இறந்தபின் 2008ல் புதிய கருவிகளால் ஆராய்ந்தபோது, முன்பு கண்டதைவிட அதிக வகைகள் தென்பட்டன. பூர்வ காலத்து ஆகாயம் மில்லர் வைத்துக்கொண்ட வாயுக்களைப்போலவே இருந்ததா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் பலத்த சந்தேகம் உண்டு. ஆனால் இப்பொருள்கள் உயிரின்றி உண்டாகக்கூடும் என்பதில் சந்தேகமில்லை.

வானமும் இதற்குச் சாட்சி சொல்லுகிறது. 1969 செப்டம்பர் 28ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரருகில் விழுந்த விண்கல்லில் பலவகை அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து விண்கலம் எடுத்த மண் 2023 செப்டம்பர் 24ல் பூமிக்கு வந்து சேர்ந்தது. உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்ததாக 2025ல் அறிவித்தார்கள். எந்த ஆய்வுக்கூடமும் எந்தச் செடியும் இல்லாத இடத்தில் அவை உண்டாகியிருக்கின்றன.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, உயிரே தற்செயலாக வந்துவிட்டது" என்று சிலர் குதிக்கிறார்கள். அதுவும் அவசரமே. அமினோ அமிலம் செங்கல். செங்கல் கிடைத்தால் வீடு எழும்பிவிட்டதென்று சொல்வார் உண்டோ? இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறவேண்டும். ஆகையால் தண்ணீருக்குள் அந்தச் சங்கிலி நீளுவதைவிட அறுந்துபோவதே கணக்குக்கு ஒத்தது. இங்கே "சிதையும்" என்று சொல்லுகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த அறுதல் மகா மெதுவானது. சாதாரண உஷ்ணத்தில், வேறு எதுவும் தொடாதிருந்தால், ஒரு கண்ணி பாதிக்குப் பாதி அறுவதற்குப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். தண்ணீர் வற்றி உலருகிற இடத்தில் சிறு சங்கிலிகள் சேர்வதையும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு வலக்கை, இடக்கைபோல இரண்டு வடிவங்கள் உண்டு. மில்லரின் கலத்தில் இரண்டும் சரிபாதி. பென்னுவின் மண்ணிலும் ஏறக்குறைய அப்படியே. நம் புரதங்களிலோ இடக்கை வடிவமே இருக்கிறது. இந்தத் தெரிவு எப்படி நேர்ந்தது, சங்கிலிகள் எப்படி உயிரணுவாயின என்பதை இன்றுவரை எவரும் முழுவதும் காட்டினதில்லை. விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடட்டும். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நாம் பயப்படவேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை.

உயிருள்ள உடலிலும் சேர்வதும் சிதைவதும் ஓயாமல் நடக்கின்றன. நம் பரம்பரைக் குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ. என்ற பொருளும் நிலையானதல்ல. ஒவ்வொரு உயிரணுவிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் அது பழுதாகிறது என்றும், அந்தப் பழுதை நீக்கும் வேலைக்காரர்கள் அணுவுக்குள்ளேயே உண்டு என்றும் ஸ்வீடன் தேசத்தில் பிறந்த தோமாஸ் லிண்டால் காட்டினார். 2015ல் அவருக்கும் மோட்ரிச், சன்சார் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் இந்தப் பாடத்தை வாசித்து முடிப்பதற்குள், உங்கள் தேகத்தில் எத்தனையோ கண்ணிகள் அறுந்து, அறுந்தவை மறுபடியும் கோக்கப்பட்டிருக்கும்.

6. இரண்டு பிழைகள்

ஆகவே நாம் விலக்கவேண்டிய பிழைகள் இரண்டு.

முதலாவது, அந்தக் கல்லூரி வாலிபனிடம் சிலர் சொல்லக்கூடிய பிழை: "எல்லாம் தற்செயல், ஆகையால் சர்வேசுரன் இல்லை." தற்செயல் என்பது ஒரு காரணமல்ல. இரண்டு காரணங்கள் எதிர்பாராமல் குறுக்கிடுவதற்கு நாம் இட்ட பெயர் அது. இதைப்பற்றி அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஒரு அழகான உவமை காட்டுகிறார். எஜமான் ஒருவர் தம் ஊழியர் இருவரை, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே இடத்துக்கு அனுப்புகிறார். அங்கே அவர்கள் சந்திக்கும்போது அது அவர்களுக்குத் தற்செயல். எஜமானுக்கோ தற்செயலல்ல. தேவ பராமரிப்பு தற்செயலை ஒழித்துவிடுவதில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அவர் கற்பித்தார். ஆகையால் மூலக்கூறுகள் தற்செயலாக மோதுகின்றன என்று ஆசிரியர் சொன்னால், நம் பிள்ளை அதைத் தாராளமாக எழுதி முழு மார்க்கும் வாங்கலாம். அதனால் விசுவாசப் பிரமாணத்தில் ஓரெழுத்தும் குறையாது.

இரண்டாவது, நான் செய்த பிழை: "பொருள்கள் தானாகச் சேரமாட்டா, ஆகையால் சர்வேசுரன் உண்டு." இது பக்தியாகத் தோன்றும். ஆனால் ஆபத்தானது. விஞ்ஞானத்துக்கு இன்னும் தெரியாத பொந்துகளில் சர்வேசுரனை ஒளித்துவைப்பதாகும் அது. நாளைக்கு ஒரு பொந்து அடைபட்டால், நம்முடைய பிள்ளை சர்வேசுரனையே இழந்துவிட்டதாக எண்ணுவான். வானத்தையும் பூமியையும்பற்றி அறியாத காரியங்களை வேதத்தின் பேரால் கிறிஸ்தவர்கள் உளறினால், அறிந்த பிற மதத்தார் வேதத்தையே நகைப்பார்கள் என்று ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் அர்ச். அகுஸ்தினார் எச்சரித்தார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தின அந்த எச்சரிக்கை என் வகுப்பறைக்கென்றே எழுதினதுபோல் இருக்கிறது.

நாம் விசுவசிக்கிற சர்வேசுரன், சிருஷ்டியில் எங்கேயோ ஒரு இடத்தில் மாத்திரம் கை வைத்துவிட்டு மற்ற இடங்களில் விலகியிருப்பவரல்ல. துரு சேரும்போதும், சர்க்கரை சிதையும்போதும், அவற்றுக்கு இருப்பையும் சுபாவத்தையும் கொடுத்துத் தாங்குகிறவர் அவரே. ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கு ஏன் என்றைக்கும் மாறுவதில்லை, உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று ஏன் இருக்கவேண்டும், ஒன்றுமில்லாதிருப்பதற்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்விகளைச் சோதனைக் குழாயில் ஊற்றி அறியமுடியாது. அவை வேறு தரத்துக் கேள்விகள். இரசாயனம் தன் வேலையைச் செய்யட்டும். விசுவாசம் தன் வேலையைச் செய்யட்டும். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

7. வீட்டில் பிள்ளைகளோடு பேச

கேள்வி: கூட்டுப்பொருள்கள் இயல்பாகச் சிதையுமா, சேருமா?
விடை: இரண்டும் உண்டு. பொருளின் சுபாவமும் உஷ்ணமும் சுற்றியுள்ளவையும் அதைத் தீர்மானிக்கும்.

கேள்வி: துருப்பிடிப்பது சிதைவா, சேர்க்கையா?
விடை: இரும்புக்கு அழிவு. இரசாயனத்தில் புதிய கூட்டுப்பொருளின் சேர்க்கை.

கேள்வி: ஒழுங்கு உண்டாவதை இரண்டாம் விதி தடுக்கிறதா?
விடை: இல்லை. ஓரிடத்தில் கூடும் ஒழுங்குக்கு ஈடாகச் சுற்றுப்புறத்தில் பரவல் கூடினால் போதும்.

கேள்வி: தற்செயல் தேவ பராமரிப்புக்கு விரோதமா?
விடை: அல்ல. நமக்குத் தற்செயலானது அவருக்கு மறைவானதல்ல.

கேள்வி: பொய்யான நியாயத்தால் விசுவாசத்தைக் காப்பாற்றலாமா?
விடை: கூடாது. சத்தியத்துக்குப் பொய்யின் துணை வேண்டாம்.

பிரியமானவர்களே, சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்பாக, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம், "உன் அண்ணனுக்கு இந்த இதழைக் கொடு, மகளே. பூசைக்கு வரச் சொல்லி அல்ல, என்னோடு பேச வரச் சொல்லிக் கொடு. இன்னும் என்ன தப்பு இருக்கிறதென்று அவனே காட்டட்டும்" என்றேன். இதை எழுதும் நாள்வரை அவன் வரவில்லை. அறைவீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நவம்பர் 2ஆம் தேதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள் வருகிறது. அதற்கு முந்தின சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவைச் சுரண்டி வண்ணம் பூச வாலிபர்கள் வரவேண்டும். உப்புத்தாள் கொண்டுவாருங்கள். வண்ணமும் தூரிகையும் கோயிலில் கிடைக்கும். காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாதபடி வண்ணம் நடுவில் நின்று காக்கும். ஆனாலும் ஒரு முறை பூசினால் என்றைக்கும் போதாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சுரண்டி மறுபடியும் பூசவேண்டும். நாம் படித்த பாடங்களும், நாம் பிறருக்குச் சொல்லும் நியாயங்களும் அப்படியே.

சகலத்தையும் சிருஷ்டித்துக் காக்கும் சர்வேசுரனுக்கே ஸ்தோத்திரமும் மகிமையும் உண்டாகக்கடவது.

உங்கள் பங்குக் குரு